குதிகால் டாக்டர் நாற்பது வருஷம் கேட்ட பதில்

மேடையில் அமர்ந்திருக்கும் கரும்புத் தொழிலாளர் சங்கத் தலைவி இவொனெத்தி அவர்களே, நம் டாக்டருக்கான ஏழாம் நாள் பூசையை முடித்துவிட்டு அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கும் பங்குச் சாமியாரே, ரெசிஃபே நகரத்திலிருந்து விடியற்காலைப் பேருந்து பிடித்து வந்த மருத்துவப் பெருமக்களே, கணவரைப் பறிகொடுத்து நிற்கும் யூலாலியா அம்மா அவர்களே, என் கண்ணுக்கு நேரே முதல் வரிசையில் இருக்கும் செவிலியர் லிண்டால்வா அம்மா அவர்களே, இடமில்லாமல் வாசலில் வெயிலில் நிற்கும் கரும்பு வெட்டுக்காரத் தோழர்களே! எல்லோருக்கும் பெலார்மீனோவின் வணக்கம்.

எனக்கு எழுத்து தெரியாது. கையில் தாள் இல்லை. ஆனால் மறதியும் இல்லை.

தலைவி என்னைப் பேச அழைக்கும்போது, "ஆலைக்காரனின் குண்டைக் குதிகாலில் வாங்கிய வீரர்" என்று சொன்னார். நாற்பத்தோரு வருஷமாக இந்த மண்டபத்தில் என்னை அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்தக் குண்டைப் பற்றித்தான் நம் டாக்டர் அதெர்பால் கெய்ரோகா என்னிடம் ஒன்று கேட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, நாற்பது வருஷம் கேட்டார். நான் செய்யவில்லை. இன்று, அவர் கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகு, செய்யப் போகிறேன். செய்து முடித்தபின் உங்களில் பலர் என் கையைத் தொடக் கூசலாம். பரவாயில்லை. கூச்சப்படுகிறவர்களும் கடைசிவரை இருந்து கேளுங்கள். அவ்வளவுதான் வேண்டுவது.

யார் இந்த அதெர்பால் கெய்ரோகா? ரெசிஃபேயில் பந்தாட்டக்காரர்களின் கால்களைத் தைத்துக்கொண்டு, கடற்கரையோரம் மாடி வீடு கட்டிக்கொண்டு, பத்திரிகைகளில் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருக்க முடியாதா? முடியும்! அவர் கைக்கு அந்தத் தகுதி இருந்ததா? இருந்தது! அவர் எங்கே வந்தார்? கரும்பைத் தவிர வேறு எதுவும் முளைக்க விடாத இந்த மண்ணுக்கு வந்தார். பதினெட்டுக் கட்டிலும் ஒரே ஒரு அறுவை மேசையும் இருந்த நம் தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏன் வந்தார் என்று ஒருநாள் கேட்டேன். "அங்க பந்தாடி அறுத்துக்கிட்டு வர்றாங்க. இங்க அறுத்து அனுப்புறாங்க. எந்தப் பக்கம் நிக்கணும்னு நீயே சொல்லு கழுதை" என்றார்.

கழுதை! அவர் வாயில் அந்தச் சொல் எவ்வளவு இனிக்கும்! இங்கே இருக்கிறவர்களில் அவரிடம் கழுதைப் பட்டம் வாங்காதவர் யார்? சாமியார் சிரிக்கிறார். அவரும் வாங்கியிருக்கிறார்.

வேலைநிறுத்தத்தின் நான்காம் நாள். அக்டோபர் மாதம், உச்சிவேளை. எரித்த கரும்பின் கரி காற்றில் பறந்துகொண்டிருந்தது. நாங்கள் ஐந்து பேர் பாதை மறித்து உட்கார்ந்திருந்தோம், ஆலைக்கு ஒரு லாரிகூடப் போகக் கூடாது என்று. ஒனோஃப்ரே வந்தான். இளையவர்களுக்குத் தெரியாது, ஒனோஃப்ரே ஆலையின் அடியாட்களுக்குத் தலைவன். பின்னால் ஏழு பேர், ஏழு துப்பாக்கி. சுடவில்லை. சுட்டால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் பேர் ஆலை வாசலுக்கு வருவார்கள். நொண்டியாக்கிவிட்டால்? அவன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அதுவே பாடம். அந்தக் கணக்கை யாரோ படித்தவன் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஒனோஃப்ரேவுக்கு அவ்வளவு மூளை இல்லை.

எங்களைக் கரும்புச் சோகைமேல் குப்புறத் தள்ளினார்கள். ஒவ்வொருவன் முதுகிலும் ஒருத்தன் ஏறி உட்கார்ந்தான். ஒனோஃப்ரே அரத்தால் தீட்டிய வெட்டுக்கத்தியோடு வரிசையாக வந்தான். வெட்டுக்காரன் குனியும்போது பாரம் முழுதும் இடது காலில் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே இடது கால். முதல் ஆள் கத்தினான். இரண்டாம் ஆள் கத்தவில்லை, மண்ணைக் கடித்தான். மூன்றாவது நான்.

"ஏய் பெலு, நீதானே ஈட்டி ஆட்டக்காரன்? கார்னிவல் திருவிழாவுல ஆள் உயரம் குதிப்பியாமே? இனிமே தவளை மாதிரிக் குதிடா" என்றான் ஒனோஃப்ரே.

வீசினான். தோழர்களே, வலி முதலில் வரவில்லை. பச்சைக் கரும்பை வெட்டும்போது வருமே ஒரு சத்தம், அது என் காலிலிருந்து வந்தது. பிறகு என் ஆடுசதை, பிடித்திருந்த கை விட்டுவிட்ட ரப்பர் வார் போல, முழங்காலை நோக்கி ஓடிச் சுருண்டது. எழுந்திருக்கப் பார்த்தேன். பாதம் என் சொல்லைக் கேட்கவில்லை. அது என்னுடையது இல்லை என்பது போலத் தொங்கியது. பக்கத்தில் நான்காம் ஆளை வெட்டும்போது அவன் ரத்தம் என் கண்ணில் தெறித்தது.

அந்த நான்காம் ஆளை அவன் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. நம் வழக்கப்படி புண்ணில் காப்பித்தூளும் அடுப்புச் சாம்பலும் திணித்துத் துணியால் கட்டிப் படுக்கவைத்தார்கள். நான்காம் நாள் கொண்டுவந்தபோது கால் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மற்ற நால்வரும் கரும்பு லாரியில் ஏறிப் போனோம். ஆம், எந்த லாரியை மறித்தோமோ அதே லாரி. ஓட்டுநர் அழுதுகொண்டே ஓட்டினான்.

டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையை அமுக்கினார். பாதம் அசையவில்லை.

"பாத்தியா? ஆடுசதையை அமுக்கினா பாதம் ஆடணும். ஆடலேன்னா நடுவுல உள்ள நாண் அறுந்துபோச்சுன்னு அர்த்தம். வில்லுல நாண் போனா வில்லு வெறும் குச்சி" என்றார்.

"நரம்புங்களா டாக்டரய்யா?"

"நரம்பு இல்லடா கழுதை. நாண். உன் உடம்புலயே தடிச்ச நாண் இதுதான். இதை வச்சுத்தானே இத்தனை வருஷம் குதிச்சே?"

தைப்பார் என்று நினைத்தேன். தைக்கவில்லை. கழுவினார்! ஒரு மணி நேரம் கழுவினார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, கரியையும் சோகைத் தூளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். சீக்கிரம் தைத்துவிடுங்களேன் என்று கெஞ்சினேன். "அழுக்கை உள்ள வச்சுத் தைச்சா அது தையல் இல்ல, சமாதி" என்றார். பிறகு விரலை என் காலுக்குள் விட்டு, ஓடி ஒளிந்திருந்த மேல்முனையைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தார். தடித்த நூலால் பக்கவாட்டில் ஏற்றி இறக்கிப் பூட்டினார். கால்விரல்கள் தரையைப் பார்க்கும்படி பாதத்தைக் கீழே மடக்கி மாவுக்கட்டுப் போட்டார். அன்று பொழுது சாயும்முன் நான்கு கால்கள். இடையில் ஒரு வாய் மரவள்ளி மாவுகூடச் சாப்பிடவில்லை. அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் லிண்டால்வா அம்மா. அவரும் சாப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து ஒனோஃப்ரே வார்டுக்குள் வந்தான். அவன் பின்னால் ஒருத்தன் மட்டும், தொப்பியோடு, துப்பாக்கியோடு. அவன் பெயர் வால்தெசி. லிண்டால்வா அம்மாவின் உடன்பிறந்த தம்பி. இதை இங்கே பாதிப் பேர் அறிவீர்கள், பாதிப் பேர் மறந்திருப்பீர்கள். இந்த மண்ணில் அன்று ஓர் ஆண்மகனுக்கு இரண்டே வேலை: கரும்பை வெட்டலாம், அல்லது வெட்டுகிறவனைக் காவல் காக்கலாம். அக்கா ஒரு பக்கம் போனார். தம்பி மறுபக்கம் போனான்.

லிண்டால்வா அம்மா தம்பியைப் பார்த்து, "தொப்பியை எடு. இது ஆஸ்பத்திரி" என்றார்.

எடுத்தான்! ஒனோஃப்ரே முறைக்க முறைக்க எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

ஒனோஃப்ரே டாக்டரிடம் போனான். "டாக்டரே, நான் வெட்டுறேன், நீ தைக்கிறே. இப்படியே போனா என் வெட்டுக்கு என்னய்யா மரியாதை?"

"உன் வெட்டு நல்ல வெட்டுதான் ஒனோஃப்ரே. ஒரே வீச்சு, நேர்கோடு. தைக்க ரொம்ப வசதி. கத்திதான் அசிங்கம். அடுத்த தடவை கொதிக்கிற தண்ணியில முக்கிட்டு வா" என்றார் டாக்டர்.

வார்டில் போர்வைகளுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. ஒனோஃப்ரே ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தான். சிரிப்பு அடங்கியது.

"சரி. உன் குதிகாலை அறுத்தா அதை யாரு தைப்பா? யோசிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகாவது டாக்டர் ஊரைவிட்டுப் போனாரா? போகவில்லை! கதவைப் பூட்டினாரா? பூட்டவில்லை! மாவுக்கட்டை மாற்றி மாற்றி, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தார். பழைய லாரி டயரை வெட்டி, செருப்புக்குள் குதிகாலுக்குக் கீழே நான்கு அடுக்கு வைத்தார். இரண்டு வாரத்துக்கு ஓர் அடுக்கை அவர் கையால் உருவுவார். நாமே உருவக் கூடாது. எனக்குப் புண் சீழ் பிடித்ததால் எல்லாம் தாமதம். மற்ற மூவரும் நான்கு அடுக்கையும் கழற்றிவிட்டார்கள். பிப்ரவரியில் எனக்கு இன்னும் ஓர் அடுக்கு பாக்கி.

"நடக்கலாம். ஓடக் கூடாது. குதிக்கவே கூடாது. ஏப்ரல் வரைக்கும் நீ கிழவன்னு நினைச்சுக்கோ" என்றார் டாக்டர்.

"கார்னிவல் வருதே டாக்டரய்யா?"

"வரட்டும். ஜன்னல்ல உக்காந்து கையைத் தட்டு."

கையைத் தட்டுவதா! நான் யார்? பன்னிரண்டு வயதிலிருந்து மரக்காத்து ஊர்வலத்தில் ஈட்டி தூக்கியவன். நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் இருபது கிலோ மாட்டுமணி, தோளில் மணி கோத்த சால்வை, கையில் ஆளைவிட உயரமான ஈட்டி, வாயில் வெள்ளைப் பூ. வருஷமெல்லாம் கங்காணியிடம் குனிந்து நிற்கிறவன் அந்த மூன்று நாள்தான் நிமிர்ந்து நிற்கிறான். அந்த வருஷம் நான் வராவிட்டால் ஒனோஃப்ரே சொன்னது நிஜமாகிவிடாதா? தவளை என்று ஊர் சிரிக்காதா?

செவ்வாய்க்கிழமை காலை, கடைசி டயர் அடுக்கை நானே உருவிக் கோழிக்கூண்டின்மேல் எறிந்தேன். ஈட்டி ஆட்டக்காரர்களின் வழக்கப்படி சாராயத்தில் வெடிமருந்தைக் கலக்கிக் குடித்தேன். மணிகளைக் கட்டிக்கொண்டேன்.

கோவில் சதுக்கத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு, ஊர்வலத்தை நடத்தும் வாத்தியார் விசில் ஊதினார். மேளம் நின்றது. அவர் நான்கு அடி பாடினார். மறுபடி மேளம். நாங்கள் குதித்தோம். முதல் குதி, கால் தாங்கியது. இரண்டாம் குதி, ஊர் என் பேரைச் சொல்லிக் கத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் குதிக்குத் தரையை உதைத்தேன்.

பின்னாலிருந்து யாரோ என் குதிகாலில் சுட்டார்கள். சத்தம் கேட்டது. சூடு தெரிந்தது. விழுந்தேன். இருபது கிலோ மணியும் என்மேல் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்கு நேர் பின்னால், நான்கு முழத்தில், வால்தெசி நின்றுகொண்டிருந்தான்.

"சுட்டுட்டான்! பின்னாடி நிக்கிறான் பாருங்க, சுட்டுட்டான்!" என்று அலறினேன்.

தோழர்களே, பிறகு நடந்ததை இந்த ஊர் நாற்பத்தோரு வருஷமாகப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறது. மூன்று ஈட்டிகள் திரும்பின. முதல் ஈட்டி வயிற்றில். இரண்டாவது தொண்டைக்குக் கீழே. மூன்றாவது அவன் விழுந்த பிறகு. ஈட்டியில் சுற்றியிருந்த வண்ண நாடாக்கள் ரத்தத்தில் ஊறி ஒரே நிறமாயின. "நான் இல்ல, நான் இல்ல" என்று அவன் வாய் அசைந்தது. தரையில் கிடந்த எனக்குத்தான் அது தெரிந்தது. நின்றுகொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. யார் குத்தினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மூவரும் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் என் குரலை நம்பிக் குத்தினார்கள்.

டாக்டர் என்னை மேசைமேல் கவிழ்த்துப் போட்டார். ஆடுசதையை அமுக்கினார். பாதம் ஆடவில்லை. குதிகாலைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"ஓட்டை எங்கடா?" என்று கேட்டார்.

நான் முகத்தை மேசையில் அழுத்திக்கொண்டேன். பக்கத்து அறையில் லிண்டால்வா அம்மா தம்பியின் உடம்பைக் கழுவிக்கொண்டிருக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

மறுநாள் சாம்பல் புதன். காலை எட்டு மணிக்கு டாக்டர் ரொட்டிப் பையோடு ஆஸ்பத்திரி முற்றத்தைக் கடந்து வந்தார். ஒனோஃப்ரே நான்கு பேரோடு காத்திருந்தான். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்தார்கள். பல் தெறித்தது. மண்டியிட்டார். மறுபடி அடித்தார்கள். குப்புறத் தள்ளி முதுகில் பூட்ஸ் காலை வைத்தார்கள். ரொட்டிகள் முற்றமெல்லாம் உருண்டன. ஒனோஃப்ரே குனிந்தான். பச்சைக் கரும்பின் சத்தம்.

"இப்பத் தைச்சுக்கோ டாக்டரே" என்றான்.

எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்! நோயாளிகள், வேலைக்காரர்கள், நெற்றியில் சாம்பலோடு பூசையிலிருந்து திரும்பியவர்கள். ஒருவர் கூட அசையவில்லையே! நேற்றுச் சதுக்கத்தில் அவ்வளவு வீரம் காட்டிய ஊர் இன்று எங்கே போனது?

ரெசிஃபே போகும் சாலையில் ஆலையின் ஆட்கள் லாரியைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். வேறு மருத்துவர் இல்லை. டாக்டரைத் தூக்கிவந்து அவருடைய மேசையிலேயே குப்புறப் போட்டார்கள். அந்த மேசையில் அவர் முதல்முறையாகப் படுத்தார். படுத்தபடியே கூப்பிட்டார்.

"லிண்டால்வா! வா. நீதான் தைக்கணும்."

அந்த அம்மா பிணவறையிலிருந்து வந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை.

"நானா? டாக்டரய்யா, செத்தவங்களைத் தவிர நான் யாரையும் தைச்சதில்லையே. நேத்துத்தான் என் தம்பி வயித்தைத் தைச்சேன்."

"அப்பக் கை பழகியிருக்கும். என்னையும் பிணம்னே நினைச்சுக்கோ. பேசுற பிணம், அவ்வளவுதான். மயக்க மருந்து வேணாம், நான் முழிச்சிருக்கணும். புண்ணைச் சுத்தி மரப்பு ஊசி போடு. பெலு எங்கே? அந்தக் கழுதையைக் கொண்டுவாங்க. அவனுக்குக் கால்தான் இல்ல, கை இருக்குல்ல? பாதத்தைக் கீழே மடக்கிப் பிடிக்கட்டும்."

முக்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். அறுந்த என் கால் ஒரு பக்கம் தொங்க, அறுந்த அவர் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் தன் குதிகாலைப் பார்க்க முடியாது. பார்க்காமலே சொன்னார். உடைந்த வாயால் ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னார்.

"கழுவு. போதாது, இன்னும் கழுவு. இப்ப மேல்முனை உள்ள ஓடியிருக்கும். விரலை விடு. பயப்படாதே, நான் கத்துவேன், கண்டுக்காதே. ம்... அதேதான். வெள்ளையா, வழவழன்னு இருக்கா? இழு. இப்ப நூல். இந்தப் பக்கம் ஏறு. பூட்டு. மறுபடி ஏறு. பூட்டு."

அந்தக் கால் என் கைக்குள் துடித்தது. யாரால் இந்தக் கால் இங்கே கிடக்கிறது? எதிரே ஊசி பிடித்திருக்கிறாரே, யாரால் அவர் தம்பி பக்கத்து அறையில் கிடக்கிறான்?

"டாக்டரய்யா, யாரும் சுடல. கால் தானா அறுந்துபோச்சு. நான்தான் சும்மா கத்திட்டேன்" என்றேன்.

ஊசி நின்றது.

லிண்டால்வா அம்மாவின் கையில் ஊசி. பக்கத்துத் தட்டில் கத்தி. எனக்கும் அவருக்கும் இடையே ஒரு முழம். குத்தியிருந்தால் யார் கேட்பார்கள்? நானே கேட்டிருக்க மாட்டேன்.

டாக்டர் குப்புறக் கிடந்தபடியே பேசினார். "எனக்கு நேத்தே தெரியும்டா. குதிகால் நாண் தானா அறுந்தவன் ஒவ்வொருத்தனும் பின்னாடி திரும்பித்தான் பாக்குறான், யாரோ அடிச்சுட்டான்னு. பெரிய பெரிய பந்தாட்டக்காரனே சத்தியம் பண்ணுவான். நீ பொய் சொல்லல. தப்பாச் சொன்னே. ஆனா இந்த நிமிஷத்துல இருந்து, அதையே திருப்பிச் சொன்னா அது பொய்." பிறகு குரல் தணிந்தது. "லிண்டால்வா, எத்தனை பூட்டு ஆச்சு?"

லிண்டால்வா அம்மா தையலை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"ஆறு" என்றார் அந்த அம்மா.

"ஏழாவது போடு."

போட்டார்! என் முகத்தைப் பார்க்காமல் போட்டார். எட்டாவதும் போட்டார். முடிச்சிட்டார். தோலைத் தைத்தார். டாக்டர் சொல்ல, ஆடுசதையை மெல்ல அமுக்கினார். அவர் பாதம் என் கைக்குள் அசைந்தது. "ஆடுதா?" என்று கேட்டார் டாக்டர். "ஆடுது" என்றார் லிண்டால்வா அம்மா. மாவுக்கட்டைப் போட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, தம்பியைப் புதைக்கப் போனார்.

பதினோராம் நாள் டாக்டர் கட்டுப்போட்ட காலை ஒரு நாற்காலியில் முழங்கால் மடக்கி ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று என்னை அறுத்தார். என் நாண் நைந்துபோயிருந்தது. பெருவிரலை மடக்கும் நாணை எடுத்துக் குதிகாலில் சேர்த்துக் கட்டினார். இன்றும் என் இடது பெருவிரல் மடங்காது. ஆனால் நான் நிற்கிறேன். பார்க்கிறீர்கள் அல்லவா?

அந்த வருஷம் நாங்கள் இருவரும் ஒரே வராந்தாவில் டயர் அடுக்கோடு நடை பழகினோம். டாக்டர்தான் மோசமான நோயாளி. மூன்றாம் அடுக்கை நாள் வருமுன்னே திருட்டுத்தனமாக உருவிவிட்டார். "பெலுவைக் கழுதைன்னீங்களே, நீங்க யாரு?" என்று லிண்டால்வா அம்மா போட்ட சத்தத்தில் வார்டே நடுங்கியது. மறுபேச்சில்லாமல் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். அந்த அம்மா எனக்கும் தினமும் புண் துடைத்துக் கட்டினார். "காலை நீட்டு", "கட்டு நனையக் கூடாது", இவ்வளவுதான் பேசினார். அதன் பிறகு நாற்பத்தோரு வருஷம் என்னிடம் அதுகூடப் பேசவில்லை.

பிறகு என்ன? வழக்கு நடக்கவில்லை. நடந்தால் எங்கள் குதிகால்களும் சாட்சி சொல்லும் என்று ஆலை அதை அமுக்கிவிட்டது. சங்கம் துண்டறிக்கை போட்டது: ஆலையின் அடியாள் தோழர் பெலார்மீனோவைச் சுட்டான், மக்கள் தீர்ப்பு வழங்கினார்கள் என்று. யாரோ எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் மறுக்கவில்லை. இல்லாத அந்தக் குண்டுதான் என்னைச் சங்கத்தின் துணைத் தலைவன் ஆக்கியது. மூன்று நண்பர்களைக் கொலைகாரர்கள் ஆக்குவதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மறுபாதி, நீங்கள் தட்டிய கை. இரண்டு வருஷம் கழித்து ஒனோஃப்ரேவை யாரோ சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தடவை நிஜமாகவே சுட்டார்கள். அதோடு பயமும் போய்விட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் என்னைக் கவிழ்த்திருக்கலாம் அல்லவா? செய்தாரா? "நோயாளி காலைப் பத்தி நான் வெளிய பேச மாட்டேன். உன் கால், உன் கத்தல், நீதான் சொல்லணும்" என்பார். வருஷத்துக்கு ஒருமுறை குப்புறப் படுக்கவைத்து அமுக்கிப் பார்ப்பார். "கால் ஆடுது. நாக்கு எப்ப ஆடும்?" என்பார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். எண்பத்தேழு வயதில், கை எலும்பாகிவிட்டது. காலைக் கொண்டுவந்து பக்கத்தில் வை என்றார். அமுக்க வலுவில்லை. நானே பாதத்தை ஆட்டிக் காட்டினேன். "ஏமாத்தாதே கழுதை" என்றார். "அது எப்ப?" என்றார். அடுத்த வாரம் என்றேன். அவருக்கு அடுத்த வாரம் இல்லை.

பெரியோர்களே! அழுதுவிட்டுக் கலைந்து போவதற்கா கூடினோம்? இன்றும் வெட்டுக்கத்தி வழுக்கிக் குதிகாலை அறுத்துக்கொண்டு மாதத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒன்பதாம் வாரத்தில் கட்டைப் பிய்த்துக்கொண்டு கரும்புக்கு ஓடுகிறார்கள். ரெசிஃபே டாக்டர்களே, நீங்கள் தையுங்கள். தைத்த பிறகு ஆறு மாசம் அவர்களைக் குதிக்கவிடாமல் பிடித்துவைக்கும் வேலை எனக்கு. டயர் வெட்டத் தெரியும். அடுக்கு உருவத் தெரியும். ஒரு குதி எத்தனை உயிரைக் குடிக்கும் என்று எனக்குத் தெரிந்ததுபோல் யாருக்குத் தெரியும்? சாகும்வரை வியாழக்கிழமைதோறும் வார்டில் இருப்பேன். சங்கத்தில் நான் வகிக்கும் பொறுப்பை இப்போதே இறக்கி வைக்கிறேன். தலைவி அவர்களே, எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டாக்டர் கேட்டது.

அன்று சதுக்கத்தில் யாரும் என்னைச் சுடவில்லை. வால்தெசியின் துப்பாக்கி உறைக்குள் இருந்தது, உறையின் பொத்தானைக்கூட அவன் கழற்றவில்லை. அவன் ஒரு கையில் சுட்ட இறைச்சிக் குச்சி இருந்தது. மறுகையில் சாராயக் கோப்பை. என்னைச் சுடுவதற்கு அவனுக்கு மூன்றாவது கை வேண்டும். ஊரில் எல்லோரையும் போல அவனும் ஆட்டம் பார்க்க வந்திருந்தான். என் இரண்டாம் குதிக்கு அவனும் கத்தினான். அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

சத்தம் போடாதீர்கள் தோழர்களே. வசவை வாசலில் வந்து வாங்கிக்கொள்கிறேன். லிண்டால்வா அம்மா ஏதோ சொல்கிறார். கொஞ்சம் பொறுங்கள். மைக்கை அவரிடம் கொடுங்கள். வேண்டாமா? சொல்லுங்கள் அம்மா, நான் திருப்பிச் சொல்கிறேன்.

"என்னடா வால்தெசி, வால்தெசின்னு? எங்க அம்மா வச்ச பேரு முழுசா ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லு" என்கிறார்.

சொல்கிறேன் அம்மா.

வால்தெசி அந்தோனியோ தெ பார்ரோஸ் லெய்ட்டி. வயது இருபத்தாறு. சாமியாரே, அடுத்த பூசையில் டாக்டர் அதெர்பால் கெய்ரோகாவின் பெயருக்குப் பக்கத்தில் இந்தப் பெயரையும் வாசியுங்கள். அவன் சுடவில்லை.